பரம்பரையிலிருந்து பதிவேட்டுக்கு
தமிழக மருத்துவ வரலாறு – பகுதி 11

1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேலை மருத்துவம் படித்துத் தேறியவர்களின் பெயர்களை ஒரே பதிவேட்டில் சேர்ப்பதும், அந்தப் பதிவேட்டைக் காக்க ஒரு கவுன்சிலை அமைப்பதும் அதன் நோக்கம். பம்பாய் மாகாணம் 1912இலேயே இப்படியொரு சட்டம் செய்திருந்தது. வங்காளம் 1914இல் செய்தது. நாட்டு வைத்தியர்கள் தொழில் செய்யக் கூடாது என்று இந்தச் சட்டங்கள் எங்கும் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி செல்லுபடியாகும் மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திடும் தகுதி பதிவு பெற்றவருக்கே உரியது என்று ஆகிவிட்டது. காமாலைக்கு நாட்டு வைத்தியரிடம் மருந்து குடித்துத் தேறிய குமாஸ்தாவும், விடுப்புச் சீட்டுக்கு டாக்டரின் வாசலில்தான் நிற்க வேண்டும். தடை என்ற சொல்லே இல்லாமல், ஒரு தொழில் சட்டத்தின் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளப்பட்டது இப்படித்தான்.

அதுவரை ஒருவர் வைத்தியர் என்பதை ஊர்தான் முடிவு செய்தது. தகப்பனிடமோ மாமனிடமோ மூலிகை இடித்து, குளிகை உருட்டி, நாடி பிடிக்கப் பழகியவர் காலப்போக்கில் தனியே வைத்தியம் பார்க்கத் தொடங்குவார். கைராசி உண்டென்று பெயர் எடுத்தால் அடுத்த ஊரிலிருந்தும் ஆள் வரும். மருத்துவர் சமூகத்து ஆண்கள் கட்டிகளைக் கீறிவிட, பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். குமரி மாவட்டத்துப் பக்கம் வர்ம ஆசான்கள் அடிமுறையையும் வர்ம மருத்துவத்தையும் சேர்த்தே கற்பித்தார்கள். ஓலைச்சுவடியிலுள்ள முறை பெரும்பாலும் பரிபாஷையில் இருக்கும். குருவின் வாய்மொழி இல்லாமல் அதன் பொருள் விளங்காது. தகுதியற்றவன் கையில் ரசமும் பாஷாணமும் போய்ச் சேரக் கூடாது என்பதே இந்த மறைப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். சீடனின் பொறுமையையும் நடத்தையையும் பல ஆண்டுகள் பார்த்த பிறகே ஆசான், வர்மத்தில் அடிபட்டவரை மீட்கும் அடங்கல் முறைகளைச் சொல்லித்தருவார். எனவே ஒழுக்கநெறி இல்லாத தொழில் என்று இதைச் சொல்ல முடியாது. நெறி இருந்தது, அதைக் காத்தவர் ஆசான், தண்டித்தது ஊர்ப்பேச்சு. ஆனால் தவறான மருந்தால் ஒருவர் இறந்துபோனால் அந்தக் குடும்பம் முறையிட ஓர் இடம் இல்லை. பதிவேடு வேண்டும் என்ற வாதத்துக்கு உண்மையான வலு இந்த இடத்தில்தான் இருந்தது.

1914 சட்டம் கொண்டுவந்த ஒழுக்கநெறியோ நோயாளியை முதலில் நினைத்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் வகுத்த மரபை ஒட்டி, பதிவு பெறாதவரோடு சேர்ந்து தொழில் செய்வது பதிவு பெற்ற மருத்துவருக்கு இழுக்கான நடத்தை என்று கருதப்பட்டது. பம்பாயில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றோடு தொடர்பு வைத்திருந்த மேலை மருத்துவப் பட்டதாரி ஒருவரின் பெயர் இதே காரணத்தால் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் நோயாளிக்குத் தீங்கு செய்தார் என்பது குற்றச்சாட்டே இல்லை. இரண்டு மருத்துவங்களுக்கும் நடுவே நின்றதுதான் குற்றம். நாடெங்கும் வைத்தியர் மாநாடுகளில் இந்தச் சம்பவம் பேசப்பட்டது. 1916இல் வந்த இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம், மேலை மருத்துவப் பட்டங்களையும் அவற்றைப் போலத் தோன்றும் பட்டங்களையும் அங்கீகாரமற்ற நிறுவனங்கள் வழங்குவதைத் தடுத்தது.

சென்னை அரசு 1918இல் டாக்டர் எம். சி. கோமனை நாட்டு மருந்துகளை ஆராய நியமித்தது. மருந்துகள் சிலவற்றில் பயன் இருப்பதாக எழுதிய அவர், அவற்றின் பின்னே நிற்கும் மருத்துவக் கோட்பாட்டை ஏற்கவில்லை. சென்னை வைத்தியர் சங்கங்கள் கொதித்தெழுந்து மறுப்பு நூல் வெளியிட்டன. மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வைத்தியரை விட்டுவிடும் போக்கு அது என்ற அவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது.

அந்தக் கொதிப்பு அடங்காத நிலையில், இரட்டையாட்சியில் நீதிக்கட்சி அமைச்சரவை பொறுப்பேற்றது. 1921 அக்டோபரில் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர் இந்த உஸ்மான். குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. மேலை மருத்துவம் படித்து ராணுவ மருத்துவப் பணியும் பார்த்த அவர், இந்திய மருத்துவத்தின் கோட்பாடுகளுக்காக வாதாடிய விரிவான குறிப்பையும் அறிக்கையோடு சேர்த்தார். ஆயுர்வேத, யுனானி முறையினர் தங்கள் தரப்பை எழுத்தில் வைக்க வாய்ப்புத் தருவதுதான் குழுவுக்கு இடப்பட்ட பணி. சித்த மருத்துவம் அதில் தனிப்பெயராக இடம்பெறவில்லை. ஆனால் கேள்விப்பட்டியல் தமிழிலும் அனுப்பப்பட்டது. தமிழ் வைத்தியர்கள் தமிழிலேயே பதில் எழுதினார்கள். 1923இல் இரண்டு பகுதிகளாக வெளிவந்த அறிக்கையின் சாட்சியப் பகுதியில் அந்தப் பதில்கள் அச்சேறியிருக்கின்றன. தங்கள் மருத்துவம் சமஸ்கிருத நூல்களிலிருந்து பெறப்பட்டதன்று, அகத்தியர் முதலான சித்தர்களின் வழிவந்தது என்று அவர்கள் அங்கே பதிவு செய்தது, பின்னால் சித்தத்துக்குத் தனிக் கல்லூரியும் தனிக் கவுன்சிலும் கேட்டவர்களுக்கு ஆதாரமாக நின்றது.

நாட்டு மருத்துவங்களுக்கு அரசு அங்கீகாரம் தர வேண்டும், கல்வி அமைப்பும் பதிவும் வேண்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. முதலமைச்சர் பனகல் அரசர் கல்வியை முதலில் எடுத்துக்கொண்டார். 1924-25இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது; சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். கீழ்ப்பாக்கத்தில் பனகல் அரசருக்குச் சொந்தமாக இருந்த ஹைட் பார்க் தோட்டம் பள்ளியின் இடமாயிற்று. ஆயுர்வேதம், சித்தம், யுனானி என மூன்று பிரிவுகள். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் உடற்கூறு, உடலியங்கியல், அறுவை மருத்துவம் ஆகியவற்றின் அடிப்படைகளும் படிக்க வேண்டும். தேறியவருக்கு எல்.ஐ.எம். என்ற பட்டயம் கிடைத்தது. தமிழகத்தில் சித்த வைத்தியம் பார்க்க அரசே தேர்வு வைத்துக் கொடுத்த முதல் தாள் இதுதான்.

பள்ளியில் படித்தவர் சில நூறு பேர். ஊரெங்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களை என்ன செய்வது? 1930களின் தொடக்கத்தில் அரசு ஆணை மூலம் இந்திய மருத்துவ மத்திய வாரியம் சென்னையில் அமைக்கப்பட்டு, நாட்டு வைத்தியர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. கல்லூரித் தாள் உள்ளவர், அனுபவத்தால் தொழில் செய்பவர் என்று தரம் பிரித்துப் பெயர்கள் ஏற்றப்பட்டன. வாரியத்துக்குப் பின்னே சட்டம் இல்லை. பதிவு செய்யாதவரைத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. ஆனாலும் வைத்தியர்கள் விண்ணப்பித்தார்கள். ஆர்.ஐ.எம்.பி. என்ற நான்கு எழுத்துகள் பெயர்ப்பலகைக்கு வந்தன. வைத்தியசாலையின் முகப்பில் தன்வந்திரி அல்லது அகத்தியர் படம், அதன் கீழே ‘பரம்பரை சித்த வைத்தியர்’ என்ற வரி, அதற்கடுத்து வாரியத்தின் பதிவு எண். தமிழகத்துச் சிறு நகரங்களில் இன்றும் பழைய தகரப் பலகைகளில் இந்த வரிசையைப் பார்க்கலாம். பரம்பரை என்பதும் பதிவு எண் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் தகுதிகள் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. பிற்காலச் சட்டங்கள்தான் அவற்றை எதிரெதிரே நிறுத்தின.

சட்ட வலுவோடு நாட்டு மருத்துவர் பதிவேடு முதலில் வந்தது பம்பாய் மாகாணத்தில், 1938இல். அடுத்த ஆண்டு ஐக்கிய மாகாணம் இந்திய மருத்துவச் சட்டம் கொண்டுவந்தது. சென்னையில் 1944இல் நாட்டு வைத்தியர்கள் தங்களுக்கென்று கூட்டுறவு மருந்துச் செய்நிலையமும் பண்டகசாலையும் அமைத்துக்கொண்டார்கள். இன்று இம்ப்காப்ஸ் என்று அறியப்படுவது அதுதான். பதிவுபெற்ற வைத்தியர்களே அதன் பங்குதாரர்கள். ஒரே செய்முறையில், ஒரே அளவில் மருந்து கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தொழில்செய்பவர்களே முன்வந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்த வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்ச்சி. மருந்தின் தரம் என்பதும் ஒழுக்கநெறிதான். அதை அரசு சட்டமாக்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வைத்தியர்கள் உணர்ந்திருந்தார்கள்.

விடுதலையை ஒட்டி வந்த இரண்டு குழுக்கள் இரண்டு திசை காட்டின. 1946இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கை நாட்டு மருத்துவத்தை மாகாணங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையிலான குழு 1948இல் இரு மருத்துவங்களையும் இணைத்துக் கற்பிக்கச் சொன்னது. சென்னை இணைப்பின் பக்கம் நின்றது. கீழ்ப்பாக்கத்துப் பள்ளி கல்லூரியாக உயர்ந்து ஜி.சி.ஐ.எம். பட்டம் தந்தது. 1956இல் ஒருங்கிணைந்த மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது சென்னை மாநிலப் பதிவேட்டுக்கு முதன்முதலாகச் சட்டத்தின் துணை கிடைத்தது. ஆனால் இணைப்பு நிலைக்கவில்லை. இரண்டையும் படித்த மாணவர்கள் முழு டாக்டர் தகுதியைக் கேட்டார்கள். தூய மருத்துவம் வேண்டும் என்றவர்கள் மேலைப் பாடங்களையே எதிர்த்தார்கள். 1960இல் அந்தக் கல்லூரி கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறி, எம்.பி.பி.எஸ். கற்பிக்கத் தொடங்கியது. நாட்டு மருத்துவத்துக்கென்று தொடங்கிய வளாகத்தில் நாட்டு மருத்துவத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகே சித்தம் தன் பெயரில் ஒரு கல்லூரி கண்டது.

தகுதிச் சான்றுகளைப் பற்றிய வாதம் இப்படி நீண்டுகொண்டிருக்க, நோயாளியைக் காக்கும் சட்டம் வேறொரு வழியில் வந்தது. அது விளம்பரங்களைப் பற்றியது. சர்க்கரை நோயை ஒரே மண்டலத்தில் வேரோடு ஒழிப்பதாகவும், புற்றுநோயை ஆபரேஷன் இல்லாமல் கரைப்பதாகவும், இழந்த இளமையை மீட்பதாகவும் பத்திரிகைகளில் விளம்பரங்கள் நிறைந்திருந்த காலம். வைத்தியர் ஊர் ஊராகச் சுற்றுவார். எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த லாட்ஜில் எந்த அறையில் பார்க்கலாம் என்று நாளிதழில் கட்டம் கட்டி அறிவிப்பு வரும். வெட்கத்தால் வெளியே சொல்ல முடியாத குறை உள்ளவர்கள்தான் அந்த அறைகளுக்குப் போனார்கள். ஏமாந்தாலும் அவர்கள் புகார் கொடுக்க மாட்டார்கள் என்பதே அந்தத் தொழிலின் முதலீடு.

1954இல் நாடாளுமன்றம் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தை இயற்றியது. 1955 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கருக்கலைப்பு, மாதவிடாய்க் கோளாறு, பாலுறவுத் திறன் ஆகியவற்றுக்கு மருந்து விளம்பரம் செய்வதை அது தடுத்தது. அட்டவணையில் குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்வதும் குற்றமாயிற்று. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், தொழுநோய், உடற்பருமன் உட்பட 54 நோய்கள் அந்த அட்டவணையில் உள்ளன. தாயத்து, மந்திரம் போன்றவற்றால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதும் சட்டத்துக்குள் வந்தது. ஹம்தர்த் மருந்தகம் தொடுத்த வழக்கில் 1959 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிக விளம்பரம் முழுவதும் பேச்சுரிமைக்குள் அடங்காது என்று கூறிச் சட்டத்தின் நோக்கத்தை ஏற்ற நீதிமன்றம், நோய்களை அரசு விருப்பம்போலச் சேர்க்க இடம்கொடுத்த பகுதியையும் பறிமுதல் அதிகாரத்தையும் நீக்கியது. 1963இல் சட்டம் திருத்தப்பட்டது. டாக்டரானாலும் வைத்தியரானாலும் ஒரே அளவுகோல் என்பது இச்சட்டத்தின் சிறப்பு. நடைமுறையில் வழக்குகள் அரிதாகவே தொடுக்கப்பட்டதால் லாட்ஜ் விளம்பரங்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

மருந்தைப் பற்றிய சட்டமும் இதே காலத்தில் மாறியது. 1940இன் மருந்துச் சட்டத்தில் 1964இல் ஆயுர்வேத (சித்தம் உட்பட) யுனானி மருந்துகளுக்குத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. போகர் 700, புலிப்பாணி 500, தேரையர் மகாகரிசல் போன்ற நூல்கள் சட்டத்தின் அட்டவணையில் ஆதார நூல்களாக ஏறின. நஞ்சுள்ள சரக்குகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அவை சேர்ந்த உள்மருந்தின் குப்பியில், மருத்துவரின் கண்காணிப்பில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆனால் தன் நோயாளிக்காகத் தானே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை என்ற விலக்கும் சட்டத்தில் இருக்கிறது. பற்பம், செந்தூரம், மெழுகு ஆகியவற்றைத் தன் கையால் முடிக்காதவர் சித்த வைத்தியரே இல்லை என்ற மரபுக்கு இந்த விலக்கு இடம்கொடுத்தது. அதே சமயம், பாதரசமும் கந்தகமும் சரியாகச் சுத்தி செய்யப்பட்டனவா என்பதற்கு அந்த வைத்தியரின் மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சித்த மருத்துவத்தின் ஒழுக்கநெறிக் கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான்.

1970இல் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே கவுன்சில்; அங்கீகரித்த பட்டங்களின் அட்டவணை; மாநிலப் பதிவேடுகளின் மேல் ஒரு மத்தியப் பதிவேடு. மத்தியச் சட்டமொன்றில் சித்தம் ஆயுர்வேதத்தின் அடைப்புக்குறிக்குள் இல்லாமல் தனிப்பெயரோடு நின்றது தமிழ் வைத்தியர்களுக்குப் பெரிய ஆறுதல். ஹோமியோபதிக்கு 1973இல் தனிச்சட்டம் வந்தது.

1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுதான் அடுத்த ஐம்பது ஆண்டு வழக்குகளின் ஊற்று. அங்கீகரித்த தகுதியும் பதிவும் இல்லாதவர் இந்திய மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்றது அது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் மாநிலப் பதிவேட்டில் இருந்தவர்களின் உரிமை காக்கப்பட்டது. பதிவேடே இல்லாத மாநிலங்களில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்தவர்களுக்கும் விலக்கு இருந்தது. இந்த விலக்கு அன்றைக்கு வாழ்ந்துகொண்டிருந்த தலைமுறைக்கு மட்டுமே. தகப்பனுக்குப் பதிவு இருந்தாலும், அவரிடம் கற்ற மகன் கல்லூரிக்குப் போகாமல் பதிவுபெற வழியில்லை. பரம்பரை என்ற பாதையைச் சட்டம் வெளிப்படையாக மூடவில்லை. அதில் இனி யாரும் புதிதாக நுழைய முடியாதபடி செய்தது.

ஒழுக்கநெறி எழுத்துக்கு வந்தது அதற்கும் பின்னால், 1982இல். இந்திய மருத்துவர்களின் தொழில்முறை நடத்தை, நாகரிகம், ஒழுக்கநெறி பற்றிய ஒழுங்குமுறைகளை மத்தியக் கவுன்சில் அந்த ஆண்டு வெளியிட்டது. ஹோமியோபதிக் கவுன்சிலும் அதே ஆண்டில் தன் நெறிகளை வெளியிட்டது. சென்னையில் நாட்டு வைத்தியர் பதிவு தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே, பதிவுபெற்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாடு தழுவிய விதி வந்தது என்பதை இங்கே நினைக்க வேண்டும். யார் வைத்தியர் என்ற கேள்விக்குப் பதில் தேடியதில் காட்டிய அவசரம், வைத்தியர் நோயாளிக்கு என்ன கடன்பட்டவர் என்ற கேள்வியில் காட்டப்படவில்லை.

அந்த ஒழுங்குமுறைகளின்படி, பதிவு பெறுபவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியிருந்தது. மனிதகுலத் தொண்டுக்கு வாழ்வை அர்ப்பணிப்பதாகச் சொல்லும் அந்த வாசகத்தில் 1948ஆம் ஆண்டு ஜெனீவா உறுதிமொழியின் சாயல் தெரிகிறது. நோயாளி நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. எடுத்துக்கொண்ட நோயாளியைப் பாதியில் கைவிடக் கூடாது. வேறு மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கமிஷன் வாங்கக் கூடாது. நோயாளி பிடித்துவரத் தரகர் வைக்கக் கூடாது. பொய்ச் சான்றிதழ் தரக் கூடாது. விளம்பரத்தைப் பொறுத்தவரை, தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, சிலகாலம் ஊரில் இல்லாமல் இருந்து திரும்புவது போன்ற செய்திகளைப் பத்திரிகையில் முறையாக அறிவிக்கலாம். அதற்கு மேல் ஆள் சேர்க்கும் விளம்பரம் தொழில்முறைக் குற்றம். மாநிலக் கவுன்சில் விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம்.

இந்த விதிகளில் பெரும்பகுதி அலோபதிக் கவுன்சிலின் நெறிகளை ஒட்டி எழுதப்பட்டவை. எந்த மருத்துவருக்கும் பொருந்துபவை என்பதால் அதில் பிழை காண முடியாது. ஆனால் ஏட்டில் உள்ள முறையை மறைத்து வைப்பது, சரக்குகளின் சுத்தி முறை, வர்மப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் சிகிச்சையில் நோயாளியின் சம்மதம், ஆசானுக்கும் சீடனுக்கும் உள்ள கடமை என்று இந்த மருத்துவத்துக்கே உரிய கேள்விகள் பொது வாசகங்களுக்குள் அடங்கிப்போயின. ஆசான்கள் பல தலைமுறையாக எடைபோட்டுவந்த விஷயங்கள் அவை. கவுன்சில் அவர்களைக் கேட்டு எழுதியிருந்தால் இன்னும் உயிருள்ள நெறிநூல் ஒன்று கிடைத்திருக்கும்.

தமிழகம் 1997இல் சித்த மருத்துவ முறைக்கென்றே வளர்ச்சிக்கும் பதிவுக்குமான தனிச்சட்டம் செய்தது. தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில் அதன்வழி வந்தது.

நீதிமன்றங்களின் பார்வை இதே காலத்தில் கூர்மையடைந்தது. பம்பாயில் ஹோமியோபதி டிப்ளமா பெற்ற ஒருவர் 1992இல் காய்ச்சல் நோயாளி ஒருவருக்கு முதலில் வைரஸ் காய்ச்சல் என்றும், பிறகு டைபாய்டு என்றும் கருதி அலோபதி மருந்துகளைக் கொடுத்தார். நிலை மோசமாகி, மருத்துவமனை மாற்றியும் நோயாளி இறந்தார். அவர் மனைவி நுகர்வோர் ஆணையத்தில் தோற்று உச்சநீதிமன்றம் போனார். 1996 மே மாதம் வந்த தீர்ப்பு, ஒரு மருத்துவ முறையில் பதிவுபெற்றவர் தான் படிக்காத வேறொரு முறையில் மருந்து கொடுத்தால் அந்த முறையைப் பொறுத்தவரை அவர் போலி மருத்துவரே என்றது. 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சான்றிதழ் என்பது எதையும் செய்வதற்கான உரிமை அன்று, அதற்கு எல்லை உண்டு என்று இவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் சொல்லவில்லை.

இரண்டே ஆண்டுகளில் எல்லை எங்கே என்ற கேள்வி திரும்ப வந்தது. 1998இல் பஞ்சாப் வழக்கொன்றில், மாநிலச் சட்டம் இடம்கொடுத்தால் ஒருங்கிணைந்த படிப்புப் படித்தவர்கள் அலோபதி மருந்து எழுதலாம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. முடிவு மாநிலங்களின் கைக்குப் போயிற்று. தமிழக அரசு 2010இல் வெளியிட்ட ஆணை, கல்லூரியில் பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி மருத்துவர்கள் நவீன மருத்துவமும் பார்க்கலாம் என்று அனுமதித்தது. இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவுபெற்ற பட்டதாரிகளைப் போலி மருத்துவர் ஒழிப்பு நடவடிக்கைகளில் போலீசார் பிடித்துப்போவதைத் தடுக்க இது உதவியது. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி அப்படியே இருக்கிறது: பாடத்திட்டத்தில் ஓரளவே படித்த மருந்தை எழுதும் துணிவை அரசாணை தரலாம், அறிவைத் தர முடியாது.

பட்டமே இல்லாத பரம்பரை வைத்தியர்கள் கேரளத்திலிருந்து தொடுத்த வழக்கு 2018 ஏப்ரல் 13 அன்று முடிந்தது. தலைமுறைகளாகச் செய்துவரும் தொழிலை அரசியல் சாசனம் தந்த உரிமையாகக் கருத வேண்டும் என்பது அவர்கள் வாதம். தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து என்று கூறி உச்சநீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 17ஆம் பிரிவின் சொற்படி வேறு தீர்ப்பு வந்திருக்க முடியாது.

இலங்கை வேறு வழியில் சென்றது. அங்கே 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், கல்லூரிப் பட்டம் பெற்றவர்களோடு பாரம்பரிய வைத்தியர்களையும் பதிவு செய்ய வழி வைத்தது. பாம்புக்கடி, எலும்பு முறிவு போன்ற ஒரே துறையில் தேர்ந்தவர்கள் அந்தத் துறைக்கு மட்டும் பதிவு பெறலாம். ஒருவர் கை தேர்ந்த அளவுக்கே அவர் உரிமை என்ற இந்த ஏற்பாடு, இந்தியச் சட்டத்தில் விடுபட்டுப்போன ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் நடக்கிறது. இரண்டு பாதைகளும் அங்கே அருகருகே ஓடுகின்றன.

இந்தியாவில் அதற்கு ஓரளவு ஒப்பான முயற்சியைச் செய்தது இந்தியத் தரக் கவுன்சில். பெங்களூரில் மூலிகை மரபுகளை ஆராயும் எப்.ஆர்.எல்.எச்.டி. நிறுவனத்தோடு சேர்ந்து, கிராமத்து வைத்தியர்களுக்குத் தன்விருப்பச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றை அது வகுத்தது. எலும்பு கட்டுதல், விஷக்கடி, காமாலை, மூட்டுவலி, பிள்ளைப்பேறு பார்த்தல் என்று துறைவாரியாகத் தரநிலைகள் எழுதப்பட்டன. ஏட்டுப்படிப்பைக் கேட்காமல் கைத்திறனைப் பார்த்துச் சான்று தருவது திட்டத்தின் அடிப்படை. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போடும் குடும்பங்களின் திறமையை எந்தக் கல்லூரித் தேர்வும் அளக்க முடியாது. அருகே நின்று பார்க்கும் மதிப்பீட்டாளரால் அளக்க முடியும். இந்தச் சான்றிதழ் சட்டப்படி தொழில் உரிமை தருவதில்லை. வைத்தியர் எதைச் செய்யத் தெரிந்தவர், எந்த நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிந்தவரா என்பதற்கு அது ஒரு சாட்சி மட்டுமே.

மாற்று மருத்துவம் என்ற பெயரில் அஞ்சல் வழியில் பட்டங்கள் விற்பது 1990களில் பெருகியது. காந்தம், நிறம், ரத்தினக் கல் என்று ஒவ்வொன்றுக்கும் ‘எம்.டி.’ உண்டு. டெல்லி உயர்நீதிமன்றத்தின் 1998ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. 2003 நவம்பர் 25 அன்று வெளியான ஆணை, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற முறைகளைத் தவிர மற்றவற்றுக்குப் பட்டம் வழங்கவோ, அவற்றைச் செய்பவர்கள் டாக்டர் என்று போட்டுக்கொள்ளவோ கூடாது என்றது. அக்குபங்சரையும் ஹிப்னோதெரபியையும் சிகிச்சை உத்திகளாகப் பயன்படுத்தலாம் என்று அது இடம்கொடுத்தது. 2019இல் அக்குபங்சர் தனி முறையாக ஏற்கப்பட்டது. யோகாவும் இயற்கை மருத்துவமும் அங்கீகரித்த முறைகளே. சென்னையில் அரசுக் கல்லூரி 2000 முதல் அதில் பட்டம் தருகிறது. ஆனால் சித்தத்துக்கும் ஹோமியோபதிக்கும் உள்ளதுபோல மத்தியச் சட்டம் அதற்கு இல்லை. பதிவு ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

மத்தியக் கவுன்சிலின் காலம் 2020இல் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. 2021 ஜூனில் ஆணையம் பொறுப்பேற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மிகுந்த கவுன்சிலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நியமன உறுப்பினர்கள். கல்விக்கும் மதிப்பீட்டுக்கும் தனித்தனி வாரியங்களோடு, ஒழுக்கநெறிக்கும் பதிவுக்கும் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. தேசியப் பதிவேட்டைப் பராமரிப்பதும் தொழில்முறை நடத்தையைக் கண்காணிப்பதும் அதன் பொறுப்பு. சேர்க்கைக்கு நீட், தொழில் உரிமத்துக்கு முன் தேசிய வெளியேறும் தேர்வு என்று இரண்டு வாசல்களையும் சட்டம் வைத்தது. பெயர் ஏற்றுவதும் நெறி காப்பதும் இரு வேறு காலத்தில் வந்த வேலைகளாக இருந்த நிலை மாறி, இரண்டும் ஒரே வாரியத்தின் பொறுப்பானது இந்தச் சட்டத்தில்தான். மாநிலக் கவுன்சிலின் முடிவில் குறை காணும் மருத்துவர் அந்த வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.